ஒன்பதாம் எண் வீட்டு மதில்

9, மதில்பின் தெரு,
ஹேவர்போர்ட்.
14 ஜனவரி 1963

வில்ஃப்,

ஐந்து வருஷமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாளே, என்ன வந்துவிட்டது என்று நினைப்பாய். பயப்படாதே, யாரும் சாகவில்லை. சாவதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்திதானே மிச்சம்.

விஷயம் மதிலைப் பற்றியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பித்த பனி இன்னும் விட்டபாடில்லை. உங்கள் கவென்ட்ரியிலும் அப்படித்தான் என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே குழாயெல்லாம் உறைந்துபோய், தெருமுனைத் தண்ணீர் வண்டிக்கு வாளியோடு வரிசையில் நிற்கிறோம். போன வாரம் படுக்கையறை அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. மூடினேன், மறுபடி திறந்துகொண்டது. என்னடா இது என்று பின்னால் எட்டிப் பார்த்தால் மதில் அலமாரியை முன்னால் தள்ளியிருக்கிறது. அறுநூறு வருஷமாக நம் வீட்டுக்குப் பின்சுவராக நேரே நின்ற ஊர்க்கோட்டை மதில், என் கட்டில் தலைமாட்டுக்கு மேலே ஒரு கதவு அகலத்துக்கு வயிறு தள்ளி நிற்கிறது.

நகராட்சி எஞ்சினியர் கேஸ்கினைக் கூப்பிட்டேன். சின்ன வயசுக்காரர், தொப்பியைக் கழற்றி மரியாதையாகத்தான் பேசினார். தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தார். இரண்டு அங்குலம் தள்ளியிருக்கிறதாம். தொல்பொருள் துறைக்கு எழுதிவிட்டார். வயசானதால் வந்த கோளாறு என்றால் வெயில் காலத்தில் அரசாங்கமே வெளிப்பக்கம் சாரம் கட்டிச் சரிசெய்யும், நான் பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். குடியிருந்தவர்கள் கைவைத்ததால் வந்தது என்றால் நான் காலி செய்யவேண்டும். அந்தப் பாகத்தையே இறக்கிவிடுவார்கள்.

ஒன்பதாம் எண்ணில் கடைசியாகக் கைவைத்தது நீதான், 57 செப்டம்பரில். சுண்ணாம்பும் மணலும், எங்கள் அப்பா போடும் அதே கலவை என்று நான் சொல்லிவிட்டேன். வாய்வார்த்தை போதாதாம். செய்தவர் கையெழுத்தோடு பிப்ரவரி எட்டாம் தேதிக்குள் வேண்டுமாம்.

காலி செய்தால் பஸ் போகிற கடைசி எல்லையில் புதுசாகக் கட்டியிருக்கிற மாடி வீடுகளில் ஒன்று தருவார்களாம். நான் பிறந்தது அந்த மதிலை ஒட்டிய அறையில். ஐம்பத்து நாலு வயசில் மூன்றாவது மாடிக்குப் போய் நான் என்ன செய்வேன், புறா வளர்ப்பேனா?

ஒரே ஒரு வரி எழுதினால் போதும். உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஹெஸ்டர்


கவென்ட்ரி
19 ஜனவரி 1963

அக்கா,

உன் கடுதாசி கிடைச்சுது. உறையில உன் எழுத்தைப் பார்த்ததும் பிரிக்கவே பயமா இருந்துச்சு. சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க சுத்தினேன். வேற வேலையும் இல்ல. புது வீட்டு வேலையெல்லாம் நின்னுபோச்சு. கலவை கரண்டியிலயே உறையுது, செங்கல் மேல எங்க ஒட்டும்? கொத்தனார் பூராவும் வீட்டுல உக்காந்திருக்கான். நான் கோட்டைப் போட்டுக்கிட்டு ரூம்ல உக்காந்திருக்கேன். வீட்டுக்கார அம்மா கிம்பர் நல்ல மனுஷிதான், ஆனா பகல்ல ஆம்பிளை வீட்டுல இருந்தா அவங்களுக்குப் பிடிக்காது. அதனால கொஞ்ச நேரம் ரயில் நிலையத்துல போய் உக்காந்துட்டு வருவேன். அங்க கணப்பு இருக்கு.

மதிலைப் பத்திக் கேட்டிருந்த. சில விஷயம் எனக்குத் தெரியணும். அந்த வயிறு எவ்வளவு உயரத்துல ஆரம்பிக்குது? இடுக்குல வெடிப்பு இருக்கா, இல்ல பூசின இடம் மொத்தமா முன்னால வருதா? தொட்டா ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கா? பனிக்கட்டி எங்கயாவது தெரியுதா? வெளிப்பக்கம், பழைய அகழிப் பக்கம் போய்ப் பார்த்தியா? மதில் தலையில புல் முளைச்ச இடத்துல பள்ளம் இருக்கா? தட்டினா எப்படிக் கேக்குது? வேணாம் வேணாம், தட்டாத. தட்டவே தட்டாத.

முதல் காரியமா, கட்டிலை முன்னறைக்கு மாத்திடு. இன்னிக்கே மாத்து. எட்டாம் வீட்டு ஐவியைக் கூப்பிட்டா ஒத்தாசைக்கு வருவா.

மத்ததைப் பொறுமையா எழுதறேன். உடம்பைப் பார்த்துக்கோ. கரி இருக்கா?

வில்ஃப்


மதில்பின் தெரு
23 ஜனவரி 1963

வில்ஃப்,

நான் கேட்டது ஒரு வரி. நீ அனுப்பியது கேள்வித்தாள். கரி இருக்கிறதா என்று கூடக் கேட்டிருக்கிறாய். ஐந்து வருஷமாக என் கரியைப் பற்றி உனக்குக் கவலை வந்ததில்லை. சுண்ணாம்பு என்று எழுதக் கையில் என்ன சுளுக்கா?

கட்டிலை நான் மாற்றப்போவதில்லை. முன்னறைப் புகைபோக்கி அடைத்துக்கிடக்கிறது, அங்கே படுத்தால் விறைத்துத்தான் போவேன். மதில் ஈரமாக இல்லை. எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது. வெடிப்பும் இல்லை, நீ பூசியது பூசியபடி இருக்கிறது. உன் வேலையைக் குறை சொல்ல யாராலும் முடியாது, அதுதான் எனக்கு ஆத்திரம். இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு அதை ஒரு வரி எழுதிக்கொடுக்க இத்தனை பிகு.

மதில் தட்டும் நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அல்லது அதையும் கவென்ட்ரியில் தொலைத்துவிட்டாயா? போன அக்டோபர் முதல் திங்கள்கிழமை வழக்கம்போல் மேயர் சங்கிலியும் அங்கியுமாக வந்தார். குமாஸ்தா, பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லோரும் சேற்றுக் காலோடு என் படுக்கையறைக்குள். நல்ல போர்வையை விரித்து வைத்திருந்தேன். ஐவி வீட்டில் மேயர் மரக் கொட்டாப்புளியால் தட்டியபோது பொத் என்றது. எப்போதும் அப்படித்தான் கேட்கும், இருந்தாலும் அவள் முகம் தொங்கிப்போனது. நம் வீட்டில் மூன்று தட்டும் டங் டங் டங் என்று கேட்டது. இந்தத் தெருவிலேயே இப்படிக் கேட்கிற மதில் இது ஒன்றுதான் என்று மேயர் எல்லோர் முன்னாலும் சொன்னார். குமாஸ்தா, “ஒன்பதாம் எண்?” என்று கேட்டார். நான், “நிற்கிறது” என்றேன். அப்புறம் எல்லோருக்கும் தேநீரும் சீரகக் கேக்கும் கொடுத்தேன். வருஷத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என் வீட்டில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நிற்பார்கள். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பேருக்கு உருளைக்கிழங்கு மசித்துவிட்டு வந்து, எனக்கு ஒரு முட்டையை வேகவைத்துத் தின்கிறேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது நியாயப்படி உன் உரிமை. நாற்பது வருஷம் அப்பா சொன்னார். அவருக்குப் பின் மகன் சொல்லவேண்டும். அவரைப் புதைத்த ஐந்தாம் நாள் குமாஸ்தா, பதில் சொல்கிறவர் பெயரை எழுதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நீ என்ன சொன்னாய்? “நான் சொல்லமாட்டேன். அவ பேரைப் போட்டுக்கோங்க.” கந்தல் சட்டையைத் தூக்கிப் போடுகிற மாதிரி சொன்னாய். அந்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாய். ஏன் என்று கேட்டதற்குக் கல்லுக்குக் காவல் இருக்க உன்னால் முடியாது என்றாய். நான் பேசியதும் அதிகம்தான். அப்பா மேல் போட்ட மண் காயவில்லை, போய்த் தொலை என்றேன். நீ நிஜமாகவே தொலைந்துபோவாய் என்று எனக்கென்ன தெரியும்?

போகட்டும், பழசை எல்லாம் கிளறவில்லை. எட்டாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது.

ஹெஸ்டர்


கவென்ட்ரி
28 ஜனவரி 1963

அக்கா,

இதை மூணு தடவை எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இந்தத் தடவை எப்படி வருதோ அப்படியே அனுப்பறேன்.

அது சுண்ணாம்பு இல்ல, சிமெண்ட்.

நீ கடுதாசியைக் கீழ வைக்காம முழுக்கப் படி. அந்த செப்டம்பர் முழுக்க மழை, ஞாபகம் இருக்கா? அப்பாவை முன்னறையில படுக்க வச்சிருந்தோம். தட்டும் நாளுக்குப் பன்னெண்டு நாள் இருக்கும்போது மதில்ல இடுக்கெல்லாம் பொடிஞ்சு கொட்டுதுன்னு உனக்கும் தெரியும். அப்பா என்னைக் கூப்பிட்டு, “இந்த வருஷமும் நான்தான் பதில் சொல்லணும், பூசிடு”ன்னார். டாக்டர் என்ன சொல்லியிருந்தார்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். சுண்ணாம்புக் கலவை அந்த ஈரத்துல இறுகறதுக்கு ஆறு வாரம் ஆகும். அவருக்கு ஆறு வாரம் இல்ல.

பழைய கலவையைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட ஒரு கல் கையோட வந்துடுச்சு. உள்ள கைய விட்டேன். தோள் வரைக்கும் போச்சு. அக்கா, அந்த மதிலுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல. முன்னால ஒரு வரிசைக் கல், பின்னால ஒரு வரிசைக் கல், நடுவுல இருக்கவேண்டிய கல்லும் சுண்ணாம்பும் மக்கித் தூளாப் போயிருச்சு. அப்பவே நகராட்சிக்குப் போய்ச் சொல்லியிருக்கணும். சொன்னா அன்னிக்கே நம்ம மூணு பேரையும் வெளியேத்தியிருப்பாங்க. சாகக் கிடக்கிறவரைக் கட்டிலோட தெருவுல எப்படி வைக்கிறது? அதனால காலி பாட்டில், உடைஞ்ச செங்கல், கோணிச் சாக்கு, கைக்குக் கிடைச்சதை எல்லாம் உள்ள திணிச்சேன். அதுக்கு மேல மூணு அங்குலம் சிமெண்ட் போட்டு மூடினேன். சுண்ணாம்பு நிறம் வரணும்னு மஞ்ச மணல் கலந்தேன். நீ வேலைக்குப் போன நேரமாப் பார்த்து நாலு நாள்ல முடிச்சேன்.

டங்னு கேட்டது அதனாலதான். சிமெண்ட் அப்படித்தான் கேக்கும். ஐவி வீட்டுல பொத்னு கேக்குதே, சுண்ணாம்பு அப்படித்தான் கேக்கணும். ஊர்ல ஒருத்தருக்கும் இது தெரியல. தெரிஞ்ச ஒரே ஆளு அப்பா.

தட்டறதுக்கு முந்தின நாள் அவரை அந்த அறைக்குக் கொண்டுவந்து படுக்க வச்சேன். படுத்தவாக்குல கையை எட்டி மதிலைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்து, “கெட்டியா இருக்கு”ன்னார். அவ்வளவுதான் சொன்னார். நாற்பது வருஷம் அந்த மதிலைப் பூசின கை, அதுக்கு சிமெண்ட் தெரியாமலா இருக்கும்? மறுநாள் மேயர் தட்டினார், அப்பா “நிற்கிறது”ன்னு சொன்னார், நீ கண்ணைத் துடைச்சுக்கிட்ட. எட்டு நாள்ல போயிட்டார். எனக்காகப் பொய் சொல்லிட்டுப் போனாரா, இல்ல நிஜமாவே தெரியலையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

குமாஸ்தா புத்தகத்தோட வந்தப்ப அந்த வார்த்தையை என்னால சொல்ல முடியல. அதனாலதான் உன் பேரைச் சொன்னேன். அதனாலதான் ஓடிவந்தேன். உன்னை வேண்டாம்னு வரல.

இப்ப விஷயத்துக்கு வரேன். மேல இருந்து இறங்கற மழைத் தண்ணி வெளிய வர வழியில்லாம, சிமெண்டுக்குப் பின்னால தேங்கி உறைஞ்சிருக்கு. அதுதான் நீ சொன்ன வயிறு. மதில் வெளிய காய்ஞ்சிருக்குன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதும்தான் தண்ணி பூரா உள்ளயே நிக்குதுன்னு தெரிஞ்சுது. இப்ப அந்த மதிலைப் பிடிச்சு வச்சிருக்கறதே ஐஸ்தான். உருகினா விழும். உன் கட்டில் மேல விழும். தயவு செஞ்சு அந்த அறையில படுக்காத.

வில்ஃப்


மதில்பின் தெரு
1 பிப்ரவரி 1963

வில்ஃப்,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

எல்லாம் சரி. அப்பாவுக்காகச் செய்தாய், அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஐந்து வருஷம், ஐந்து அக்டோபர், ஊர் முன்னால் என்னை நிற்கவைத்து என் வாயால் பொய் சொல்லவைத்தாயே, அதற்கு என்ன சொல்வாய்? உனக்குச் சொல்ல வாய் கூசியது. அக்கா சொன்னால் கூசாதா? அவளுக்குத் தெரியாதே, சொல்லட்டும் என்று விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டாய். நான் புதுப் போர்வை விரித்து, கேக் சுட்டு, பெருமையாகச் சொன்னேனடா.

இப்போது இன்னொரு கடிதம் எழுது. சுண்ணாம்பும் மணலும் என்று. பொய் சொல்லிப் பழக்கம்தானே உனக்கு, இன்னொன்று சொல்வதில் என்ன வந்துவிட்டது? முதல் பொய்யை அப்பாவுக்காகச் சொன்னாய், இரண்டாவதை எனக்காகச் சொல். கேஸ்கின் நேற்றும் வந்தார். பெரிய அவசரம் ஒன்றும் இல்லை, கையெழுத்து வந்துவிட்டால் ஏப்ரலில் சாரம் கட்டிவிடலாம், அதுவரை இங்கேயே இருங்கள் என்கிறார். படித்தவர் அவர். ஐஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

அந்த மாடி வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுவரெல்லாம் வெள்ளை. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். படியில் எதிரே வந்த நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அங்கே நான் செத்தால் வாடை அடித்தால்தான் தெரியும். இங்கே ஐவியாவது ஜன்னல் திரை விலகவில்லையே என்று கதவைத் தட்டுவாள்.

கட்டில் அங்கேயேதான் இருக்கிறது. விழுந்தால் என் மேல் விழட்டும்.

ஹெஸ்டர்


கவென்ட்ரி
5 பிப்ரவரி 1963

அக்கா,

எழுதிட்டேன். ஆனா நீ சொன்ன மாதிரி இல்ல.

கேஸ்கினுக்கு நேரா ரெண்டு பக்கம் எழுதி இன்னிக்குக் காலைத் தபால்ல போட்டுட்டேன். சிமெண்ட், பாட்டில், சாக்கு, எத்தனை அங்குலம், எந்த எடத்துல, எல்லாத்தையும் படம் போட்டு எழுதியிருக்கேன். செஞ்சது நான், ஹெஸ்டர் தர்லோவுக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கேன். பனி உருகறதுக்கு முன்னால ஆளை வெளியேத்தலைன்னா சாவுக்கு நீங்கதான் பொறுப்புன்னும் எழுதியிருக்கேன். அவர் வந்து உன்னைக் கிளம்பச் சொல்லுவார். கிளம்பு.

நீ கேட்டதைத்தான் எழுதணும்னு உக்காந்தேன். சுண்ணாம்பும் மணலும்னு எழுதியும்விட்டேன். அதை மடிச்சு உறையில போட்டு ரயில் நிலையத் தபால் பெட்டி வரைக்கும் போனேன். பெட்டி முன்னால நின்னப்ப நீ அந்தக் கட்டில்ல உக்காந்து காலுறை மாட்டறது கண்ணு முன்னால வந்துச்சு. சின்னதுல இருந்து பார்த்தது, எப்பவும் இடது கால்தான் முதல்ல. என்னால போட முடியல.

உன் வீட்டைப் பறிச்சது நான்தான். தெரிஞ்சேதான் பறிச்சேன். நீ மன்னிக்கணும்னு கேக்கல. உயிரோட இருந்து திட்டு, போதும்.

இங்க வந்துடுன்னு சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு ரூம். அதுலயும் ஒருத்தர்தான் இருக்கலாம்னு கிம்பர் அம்மாவோட சட்டம்.

வில்ஃப்


கவென்ட்ரி
24 பிப்ரவரி 1963

அக்கா,

ரெண்டு கடுதாசி மதில்பின் தெருவுக்குப் போட்டேன், ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. கேஸ்கினுக்கு எழுதிக் கேட்டு உன் புது விலாசம் வாங்கினேன். பதினொண்ணாம் தேதியே சாமானெல்லாம் ஏத்திட்டாங்கன்னு எழுதியிருந்தார்.

சாப்பிடறியான்னு மட்டும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வில்ஃப்


கவென்ட்ரி
6 மார்ச் 1963

அக்கா,

இன்னிக்குக் காலையில கூரையில இருந்து தண்ணி சொட்டற சத்தத்துல முழிச்சேன். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் ராத்திரி உறையலையாம். தெருவுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டுப் போறாங்க. மேஸ்திரி ஆள் அனுப்பிட்டார், திங்கள்கிழமை வேலைக்கு வான்னு. எனக்கு எதுவும் ஓடல. நீ அந்தப் பக்கம் போகாத. சாமான் எதையாவது விட்டுட்டு வந்திருந்தாலும் எடுக்கப் போகாத. அது போனாப் போகுது.

வில்ஃப்


14, மூன்றாம் மாடி,
கிழக்குக் குடியிருப்பு,
ஹேவர்போர்ட்.
10 மார்ச் 1963

வில்ஃப்,

இந்த விலாசத்துக்கு நீ போட்ட இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

கேஸ்கின் எட்டாம் தேதி வந்தார். கையில் உன் படம். அதை விரித்துக் காட்டி, “உங்க தம்பி உண்மையைச் சொன்னதால நகராட்சி வழக்கு எதுவும் போடாது, ஆனா நீங்க திங்கக்கிழமைக்குள்ள கிளம்பணும்” என்றார். அன்று நீ கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன். இரண்டு ஆட்கள் வந்து கட்டிலைக் கழற்றியபோது, பின்னால் மதில் அதே வயிற்றோடு, ஒரு வெடிப்புக்கூட இல்லாமல் நின்றது. பார், ஒன்றும் இல்லாததற்குப் போய் என்னைத் துரத்துகிறான் என்றுதான் நினைத்தேன்.

இங்கே வந்த பிறகும் தினம் காலையில் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். சுற்றுவழி, தேவையே இல்லை. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி, ஒன்பதாம் எண் எதிரே கொஞ்சம் நின்றுவிட்டுப் போவேன். நீ போகாதே என்று எழுதிய கடிதம் எனக்கு வியாழன் சாயங்காலம்தான் கிடைத்தது. வியாழன் காலை நான் அங்கே இருந்தேன். நல்ல வெளிச்சம் வந்திருந்தது. ஆறு நாற்பது. தெரு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஐவி வாசலில் நின்று சாக்கடைத் தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்துக் கையசைத்தாள். முதலில் யாரோ மூட்டையை இழுப்பதுபோல் ஒரு சத்தம். அப்புறம் கூரை ஓடுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சரிந்தன. அப்புறம்தான் பெரிய சத்தம். தூசி வந்து என் கோட்டெல்லாம் மஞ்சளாகிவிட்டது. உன் மஞ்சள் மணல்.

தூசி அடங்கியதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஐவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். உன் சிமெண்ட் உடையவே இல்லை, வில்ஃப். ஒரே பலகையாக, கதவைச் சாய்த்த மாதிரி, கட்டில் இருந்த இடத்தில் குப்புறக் கிடந்தது. அதன் மேல் கல்லெல்லாம் குவிந்திருந்தது. பின்னால் பார்த்தால் வெளிச்சம். அகழிப் பக்கத்துப் புல்லும் வானமும் தெரிந்தன. நான் பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் பார்த்ததில்லை.

தினமும் ஆறு நாற்பதுக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதை எழுதியிருந்தாய்.

ஐவி வீட்டு மதிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் காலத்தில் இடிந்த விளிம்புகளை மூடிப் பூசுவார்கள், நடுவில் இடைவெளி அப்படியே இருக்கும் என்று கேஸ்கின் சொன்னார். குமாஸ்தாவும் வந்திருந்தார். புத்தகத்தில் ஒன்பதாம் எண்ணை அடிக்கவேண்டும் என்று என்னிடம் அனுமதி கேட்டார். அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்புறம் வேலைக்குப் போய் இருநூறு பேருக்கும் உருளைக்கிழங்கு வேகவைத்தேன். பாத்திரம் கழுவும்போது ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேனாம். சமையலறைப் பெண்கள் உட்காரவைத்து, சர்க்கரை நிறையப் போட்டுத் தேநீர் கொடுத்தார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியாது. பொய்யை என் வாயில் வைத்தவன் நீ. அதே நீதான் என்னை அந்தக் கட்டிலிலிருந்து இழுத்து வெளியே போட்டாய். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க எனக்கு வரவில்லை. நேற்று முழுக்க முயற்சி செய்தேன். ஒன்றை நினைத்தால் அழுகை வருகிறது, இன்னொன்றை நினைத்தாலும் அழுகைதான் வருகிறது.

இங்கே இரண்டு அறை. கணப்பு நன்றாக எரிகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. சத்தம்தான் இல்லை. எதிர்க்கதவில் ஒரு பெண் இருக்கிறாள், என் வயசுதான் இருக்கும். ஒரு மாதமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனவள், நேற்று என் கோட்டில் இருந்த தூசியைப் பார்த்துவிட்டு நின்றாள். எங்கிருந்து வந்தீர்கள், சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை, யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்த பிறகு, இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. மதியம் ஒரு மணிக்கு ஆட்டுக்கறி வேகவைக்கிறேன். மூன்றாவது மாடி, இடது பக்கம். படியேறி வந்ததும் உடனே கதவைத் தட்டிவிடாதே. அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று, அவள் காதில் விழுகிற மாதிரி, அக்கா என்று சத்தமாகக் கூப்பிடு.

ஹெஸ்டர்